டிலே மொடியூல் (சத்தத்தைப் பிந்தி எதிரொலி மாதிரித் திரும்பக் கேக்க வைக்கிற சர்க்கிட்) செஞ்சவங்க உங்க கதையையும் சொல்லுங்க

ஹட்டன் பக்கம்:
எங்க தோட்டத்துக் காமன் கூத்துல அடிச்ச தப்பு மேளத்தை போன்ல பதிஞ்சு வச்சிருந்தேன். அத மொடியூலர் சின்தசைசருக்குள்ள விட்டு, எதிர்மலையில பட்டுத் திரும்புற மாதிரி கேக்கணும்னு ஆசை. பி.டி.2399ங்கிற டிலே சிப் சத்தத்தை 340 மில்லிசெக்கன் வரைக்கும் இழுக்கும். கணக்குப் பாத்தா 58 மீட்டர் தள்ளி இருக்கிற பாறையில சத்தம் பட்டுத் திரும்புற நேரம். எங்க லயத்துக்கு எதிர்ல இருக்கிற மலை அதைவிடத் தூரம், பரவாயில்ல.

அந்தச் சிப்போட 6ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போற கரண்ட் கூடினா டிலே குறையும். வழக்கமா அங்க ரெசிஸ்டர்தான். டிலேயை வோல்டேஜால ஓட்டணும்னு நான் ஒரு என்.பி.என். ட்ரான்சிஸ்டர் வச்சேன். நல்லா ஓடிச்சு. மழைக்குக் கரண்ட் போய் வந்ததும் ஊமையாகிருச்சு. சிப் போச்சுன்னு மூணு சிப் மாத்தினேன், மூணும் கொழும்புல இருந்து வரவழைச்சது. கடைசியில கோவத்துல சி.வி. (ட்ரான்சிஸ்டரை ஓட்டுற வோல்டேஜ்) கேபிளைப் புடுங்கிட்டு ஆன் பண்ணினா எழும்பிருச்சு! ஆன் ஆகிற நேரத்துல அந்தக் கால்ல சுமார் 2 கிலோஓமுக்குக் கீழ இருந்தா சிப் உறைஞ்சுருமாம். அந்த வோல்டேஜை வரிசையா மாத்தி அனுப்புற என் சீக்குவென்சர் உச்ச வோல்டேஜ்ல நின்னுக்கிட்டு, ட்ரான்சிஸ்டரை முழுசாத் திறந்து வச்சிருந்திருக்கு.

நுவரெலியா:
தம்பி, 27 கிலோஓம் ரெசிஸ்டர் ஒண்ண அந்தக் கால்ல நிரந்தரமா விடுங்க. காலுக்கும் ட்ரான்சிஸ்டருக்கும் நடுவுல சுவிட்ச் மாதிரி ஒரு 2என்7000 மொஸ்ஃபெட். அதோட கேட்டுக்கு 5 வோல்ட்ல இருந்து 100 கிலோஓம், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அரை செக்கன் பிந்தித்தான் சி.வி.க்கு வழி விடும். அந்த 100 கிலோஓமுக்குக் குறுக்கால 1என்4148 டயோட்டும் வேணும். நான் அத விட்டுட்டேன். அது இல்லாம கரண்ட் கண்ணடிச்சு வந்தா கெப்பாசிட்டர் காலியாகாது, மறுபடி ஊமை.

எனக்குப் பெரிய தலைவலி குளிரும் வெயிலும் மாறுறதுதான். ராத்திரி அளவா வச்சிட்டுப் படுத்த டிலே, மத்தியானம் தகரத்துல வெயில் ஏறினதும் பாதியாகிருச்சு. ட்ரான்சிஸ்டரோட பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சூடு கூடுற ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும். பேஸுக்கு நேரா வோல்டேஜ் குடுத்தா 10 டிகிரிக்கே கரண்ட் இரட்டிச்சுரும். எமிட்டர்ல ஒரு ரெசிஸ்டர் போட்டு, அதுல விழுற வோல்டேஜை ஒப்-ஆம்ப் (ரெண்டு வோல்டேஜை ஒப்பிட்டுச் சரிக்கட்டுற சிப்) பாத்துக்கிற மாதிரி கட்டினதுக்கு அப்புறந்தான் எனக்கு நிம்மதி.

ஹட்டன் பக்கம்:
அண்ணே, டயோட்டோட போட்டுட்டேன். நேத்து ரெண்டு தடவை கரண்ட் போச்சு, ரெண்டு தடவையும் தானா எழும்பிருச்சு. கழட்டிப் போட்ட மூணு சிப்பையும் தேடி எடுத்து மாட்டிப் பாத்தேன். மூணுமே நல்ல சிப்.