சாயங்காலமானால் வயிறு பலூன் மாதிரி ஆகிறது, அனுபவசாலிகள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக வாயுத் தொல்லை. காலையில் சரியாக இருக்கும் பேன்ட், சாயங்காலம் பட்டனைக் கழற்றினால்தான் மூச்சே விட முடிகிறது. அலுவலகக் கூட்டத்தில் எல்லோரும் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து வயிறு கடமுடவென்று பேசும். மானம் போகிறது.

மருத்துவரிடம் காட்டிவிட்டேன். எடை குறைவதோ, மலத்தில் ரத்தமோ, காய்ச்சலோ இல்லை என்பதால், முதலில் உணவைக் கவனிக்கச் சொன்னார். என்ன சாப்பிட்டேன், எப்போது உப்பியது என்று தினமும் நோட்டில் எழுதுகிறேன். கொண்டைக்கடலையும் வெங்காயமும் சேர்ந்த நாளெல்லாம் மோசம். அவற்றிலுள்ள சிலவகை மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா அதை நொதிக்க வைப்பதால்தான் வாயுவாம். கடலையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்ததில் கொஞ்சம் குறைந்தது. சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடப்பதும் உதவுகிறது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை நிறுத்தினேன். அதில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிடாலும் வாயு தருமாம், யாருக்குத் தெரியும்!

இப்போது என் கேள்விகள். பாலை நிறுத்திப் பார்க்க எத்தனை நாள் போதும்? தயிரையும் கூடவே நிறுத்த வேண்டுமா? சீரகத் தண்ணீர், இஞ்சி இரண்டில் உங்களுக்கு எது கேட்டது? புதினா வேண்டாம், எனக்கு நெஞ்செரிச்சல் கூடுகிறது. அப்புறம், நார்ச்சத்தைக் கூட்டியவர்கள் எவ்வளவு மெதுவாகக் கூட்டினீர்கள்? நான் ஒரே வாரத்தில் அவசரப்பட்டு நன்றாக மாட்டிக்கொண்டேன்.