மேன் ரே ஏர்பிரஷ்ல போட்ட படங்கள்: ஸ்டென்சில் ஓரம் கசியுது, என்ன செய்ய?

தக்கலை தூரிகை:
அமெரிக்க ஓவியர், போட்டோகிராஃபர் மேன் ரேன்னா எல்லாரும் போட்டோவைத்தான் பேசுறாங்க. 1917–19ல ஏர்பிரஷ்ல (காத்தால கலரைத் தெளிக்கிற சின்ன கன்) அவர் போட்ட ‘சூயிசைட்’, ‘செகிடில்லா’ பக்கம் யாரும் போறதில்ல. அதே முறையை கார்ட்போர்டுல முயற்சி பண்ணுதேன். ஸ்டென்சிலுக்கு அடியில கலர் கசியுது. மழை நாள்ல நடுவுல தண்ணி தெறிக்குது. 0.3 மி.மீ. நீடில், போஸ்டர் கலர், சின்ன கம்ப்ரசர்.

மார்த்தாண்டம் போர்டு:
தண்ணிக்குக் காரணம் காத்துல உள்ள ஈரம். நம்ம மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் உண்டே. ட்ராப்பை (காத்துல உள்ள தண்ணியைப் பிடிக்கிற சின்னக் கிண்ணம்) கம்ப்ரசர் வாயிலயே மாட்டியிருப்பீங்க. அங்க காத்து சூடா இருக்கும், ஈரம் ஆவியாவே தாண்டிப் போயிரும். டியூபுல ஆறினப்புறம்தான் தண்ணியாகும். அதனால ட்ராப் கன் பக்கம் இருக்கணும். டேங்க் இருந்தா தினமும் வடிச்சிருங்க.

கசிவுக்கு: காத்தழுத்தம் 15–20 பிஎஸ்ஐ போதும். கன்னைச் சரிச்சுப் பிடிச்சா காத்து ஓரத்துக்கு அடியில நுழையும். நேர் செங்குத்தா, 15 செ.மீ. தள்ளிப் பிடிங்க. முதல் ரெண்டு பூச்சும் ஈரம் தெரியாத அளவுக்கு லேசா. கலர் பால் பதம். போஸ்டர் கலர் துகள் பெருசு, நைலான் துணியில வடிகட்டாம 0.3ல ஊத்தாதீங்க.

குளச்சல் கோடு:
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா ஓரம் எல்லாத்தையும் கூர்மையாக்கிட்டா அது மேன் ரே மாதிரி இருக்காது. ஸ்டென்சிலை ஒண்ணு ரெண்டு செ.மீ. தூக்கிப் பிடிச்சு அடிச்சா ஓரம் நிழல் மாதிரி கரையும். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் தூக்கிப் பாருங்க. அவர் ஸ்டென்சிலோட நிறுத்தல, பென்சில், பேனாக் கோடும் சேர்த்தார். ‘செகிடில்லா’ல அது தெரியும் (வாஷிங்டன் ஹிர்ஷ்ஹார்ன் மியூசியத்துல இருக்கு). 1922ல பொருளை போட்டோ பேப்பர் மேல வச்சு வெளிச்சம் காட்டின ரேயோகிராஃபுக்கும் இதே புத்திதான், பெயிண்டுக்குப் பதில் வெளிச்சம். ஏர்பிரஷ் படத்தைப் பாக்காம ரேயோகிராஃபை மட்டும் கொண்டாடுறது எனக்கு ஒப்பாது.

தக்கலை தூரிகை:
ஸ்டென்சிலுக்கு என்ன ஷீட்?

மார்த்தாண்டம் போர்டு:
பழைய எக்ஸ்ரே ஃபிலிம். சார்ட் பேப்பர்னா ரெண்டு தடவை கலர் அடிச்சதுமே நனைஞ்சு சுருளும். ஓரத்துல நட்டு, வாஷர் வச்சு அமுக்குங்க. செல்லோடேப் ஒட்டினா போஸ்டர் கலர் உரிஞ்சு வந்துரும். ஃபேனை நிறுத்திருங்க.