ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு மயக்கம்

மனிதர்களுக்கான கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, கால்நடை மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவில் சேர்ந்தேன். கதிரைப் பாய்ச்சும் கருவியான லீனியர் ஆக்சிலரேட்டர் அதே வகைதான், சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டமிடுவதும், லேசர் கோடுகளைக் கொண்டு நோயாளியைச் சரியான நிலையில் கிடத்துவதும் எனக்குப் பழகியவைதான். ஆனால் அங்கே என்னை அறியாமலே நான் நம்பியிருந்த ஒன்று இங்கே இல்லை என்பது முதல் வாரத்திலேயே புரிந்தது. ஏன் அசையக் கூடாது என்று விளக்கினால் மனிதர் அசையாமல் படுத்திருப்பார். நாயும் பூனையும் அப்படிப் படுத்திருக்க மாட்டா. கதிர் பாயும்போது அறைக்குள் நின்று அவற்றை யாரும் பிடித்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே ஒவ்வோர் அமர்வுக்கும் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கட்டியை நீண்ட காலம் கட்டுப்படுத்தும் நோக்கில் தரப்படும் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாட்களாக 16 முதல் 20 அமர்வுகள் வரை நீளும். ஓர் அமர்வுக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு). அத்தனை முறை மயக்கம், அத்தனை காலைகள் வெறும் வயிறு. கதிர் பாய்வது சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் கிடத்துவதிலும் சரிபார்ப்பதிலும் கழிகிறது. துல்லியத்துக்காக நான் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நிமிடமும் அந்த விலங்கின் மயக்க நேரத்தோடு சேர்கிறது என்பதை எனக்கு உணர்த்தியது மூக்கினுள் கட்டி வளர்ந்திருந்த ஒரு வயதான நாய்.

நாய்களின் மூக்குக் கட்டிகளை அறுவை சிகிச்சையால் மட்டும் முழுமையாக அகற்றுவது கடினம் என்பதால், கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சையாக இருக்கிறது. கட்டிக்கு மிக அருகில் கண்களும் மூளையும் இருப்பதால், தலை தினமும் அதே நிலைக்குத் திரும்பியாக வேண்டும். அதற்காக மேல்தாடைப் பற்களின் அச்சை எடுத்து, அதை மேசையோடு பொருத்திய சட்டகத்தில் இணைத்திருந்தோம். உடலைக் காற்று உறிஞ்சி இறுக்கிய மெத்தை தாங்கிக்கொண்டது. ஐந்தாவது அமர்வன்று, மேசையிலேயே எடுத்த படத்தைத் திட்டப் படத்தோடு ஒப்பிட்டபோது இரண்டு மில்லிமீட்டர் விலகல் தெரிந்தது. திருத்தினேன், மறுபடியும் படம் எடுத்தேன், மனம் ஒப்பாமல் இன்னொரு முறையும் திருத்தினேன். ஒருவழியாகக் கதிரைத் தொடங்கிச் சிறிது நேரத்தில் திரையில் இதயத் துடிப்பு சரியத் தொடங்கியது. மயக்க மருத்துவர் சொன்னதும் கதிரை நிறுத்தினேன். கனமான கதவு திறக்கும் வரையிலான அந்த நொடிகள் மிக நீண்டவையாக இருந்தன. மருந்து கொடுத்த பிறகு துடிப்பு சீரானது. கொடுத்து முடித்த அளவு எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பதைக் கருவி பதிந்துவைத்திருக்கும் என்பதால், நிலையை மீண்டும் சரிபார்த்து மீதியை அன்றே கொடுத்து முடித்தோம். என் தாமதம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை; அது காரணமாக இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் அன்று முதல், எந்த விலகலைத் திருத்த வேண்டும், எது திட்டத்திலேயே இடம் விட்டிருக்கும் அளவுக்குள் அடங்கும் என்பதை மயக்கம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரோடு பேசி முடிவு செய்துகொள்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் அந்த நாயின் வாயினுள் புண் வந்தது. மூக்கின் மேல்தோல் சிவந்து முடி உதிர்ந்தது. எதிர்பார்த்த விளைவுதான், சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஆறிவிடக்கூடியதுதான். ஆனால் உணவுக் கிண்ணத்தின் அருகே வந்து முகர்ந்துவிட்டு விலகிப் போகும் நாயைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த விளக்கம் போதுமானதாக இல்லை. "இதை அவனுக்காகச் செய்கிறேனா, எனக்காகச் செய்கிறேனா என்று தெரியவில்லை" என்றார் அதை வளர்த்தவர். நான் பதில் சொல்லவில்லை, மருத்துவரை அழைத்துவந்தேன். வலி மருந்தின் அளவு மாற்றப்பட்டது. மென்மையான உணவை வெதுவெதுப்பாகக் கொடுத்தபோது மறுநாள் பாதிக் கிண்ணம் காலியானது. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றே இன்றும் கருதுகிறேன். இந்தக் கட்டி முற்றிலும் குணமாவது அரிது. கிடைப்பது பெரும்பாலும் தடையில்லாமல் மூச்சுவிடும் மாதங்கள், சில நாய்களுக்கு ஓராண்டுக்கும் மேல். அதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வலியைக் குறைப்பதற்காக மட்டும் தரப்படும் சிகிச்சையில் கவலை வேறுவிதமானது. கால் எலும்பில் புற்று வந்த நாய்க்கு ஓரிரு பெரிய அளவுகளிலேயே வலி தணிந்துவிடுவதுண்டு. வலி போனதும் அது ஓடத் தொடங்கும். எலும்போ இன்னும் பலவீனமாகவே இருப்பதால் முறிந்துவிடக்கூடும். மகிழ்ச்சியோடு ஓடும் நாயைக் கட்டிப்போடுங்கள் என்று சொல்வதைப் போல மனம் வருந்தும் அறிவுரை இந்தப் பணியில் எனக்கு வேறில்லை.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வீட்டுக்குப் போன பிறகு குழந்தைகள் அதைக் கட்டிப்பிடிக்கலாமா? தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர், கருவி நின்றதும் நின்றுவிடுகிறது; உடலில் எதுவும் தங்குவதில்லை. தைராய்டு சுரப்பு மிகையான பூனைகளுக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தால் மட்டும் சில நாட்கள் தனிமையில் வைத்திருக்க வேண்டும். பலர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி அஞ்சுகிறார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்த வயதான நாய் மறு ஸ்கேனுக்கு வந்தது. உதிர்ந்த முடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. கண்களுக்கிடையே தொடங்கி மூக்குவரை இறங்கிய அந்த வெண்மையின் வடிவம், நாள்தோறும் திரையில் நான் சரிபார்த்த சிகிச்சைப் பரப்பையே நினைவூட்டியது. வளர்த்தவர் அந்த வெள்ளை முடியை விரலால் தடவியபடி, இரவில் குறட்டை நின்றுவிட்டது என்றார். ஸ்கேனுக்காக அன்றும் அதற்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. படுக்கவைக்கும்போது அது என் கையை முகர்ந்துவிட்டு, பற்களின் அச்சைப் பொருத்தும் சட்டகத்தின் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தது.