சப் ஊஃபருக்கு ஏன் ‘கார்வைப் பெட்டி’ என்று சொல்கிறேன்

வணக்கம் நண்பர்களே,

சப் ஊஃபருக்கு, அதாவது ஸ்பீக்கர் செட்டில் கனத்த ஒலியை மட்டும் தருகிற பெட்டிக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நேற்று இரவு உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதுவரை வந்த சொற்கள்: துணை ஒலிபெருக்கி, தாழொலிப்பான், மெலிவொலிப்பான், குற்றொலிப் பெட்டி, அப்புறம் “ஊஃபர் என்றே விட்டுவிடலாமே” என்ற கருத்து. எனக்கு இதில் அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கணினியில் விளையாடுகிற அக்கா மகனுக்கு ஸ்பீக்கர் வாங்க வேலூரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். வாங்கி முடித்ததும், இதில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதி வைப்போம் என்று நினைத்தேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. மேசைக்கு அடியில் போகிற அந்தப் பெரிய பெட்டிக்குப் பெயர் இல்லாமல் அதைப் பற்றி நாலு வரி எழுத முடியவில்லை.

முதலில் ‘துணை’. இதை நாம் கைவிட்டே ஆக வேண்டும். சப் என்றால் துணை என்று கை தானாக எழுதிவிடுகிறது, ஆனால் இங்கே சப் என்பது பதவி இல்லை, இடம். ஸ்பீக்கருக்குள் கனத்த ஒலி தருகிற பெரிய கூம்புதான் ஊஃபர், அது தருகிற ஒலிக்கும் கீழே இறங்கிப் போகிறது என்பதால் அந்தப் பெயர். சப்மரீனை யாரும் துணைக்கடல் என்று எழுதவில்லை, நீர்மூழ்கி என்றோம், அது என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தோம். சப்வேக்குச் சுரங்கப்பாதை என்றோம். மௌஸை எலி என்று பெயர்க்காமல் சுட்டி என்றதும் அப்படித்தான், அது நிலைத்தும் விட்டது. அந்த வழியில்தான் இதற்கும் போக வேண்டும் என்பது என் நிலை.

‘ஒலிபெருக்கி’யிலும் எனக்கு ஒரு தடுமாற்றம் இருக்கிறது. பெருக்குகிற வேலை ஆம்ப்ளிஃபையருடையது. ஸ்பீக்கர் மின்னோட்டத்தை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவுதான். கணினிக்கு வாங்குகிற செட்டுகளில் பெரும்பாலும் இந்தப் பெரிய பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையரும் இருக்கும், இரண்டு சின்ன ஸ்பீக்கருக்கும் சேர்த்து அங்கிருந்துதான் மின்சாரம் போகும். அப்படியானால் ஒரே பெட்டிக்குள் ஒலிபெருக்கியும் இருக்கிறது, துணை ஒலிபெருக்கியும் இருக்கிறது என்று எழுத வேண்டி வரும், படிக்கிறவர் குழம்பிப் போவார். ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கி என்பது ஊறிப்போன சொல், அதை இப்போது மாற்ற முடியாது. அதன் மேல் இன்னொரு சொல்லைக் கட்டாமலாவது இருக்கலாம்.

சரி, இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். தாழொலி, மெலிவொலி இரண்டிலும் ஒரே சிக்கல்தான். ஆங்கிலத்தில் சுருதி இறங்கினாலும் லோ, சத்தம் குறைந்தாலும் லோ. தமிழில் ‘தாழ்ந்த குரலில் சொன்னான்’ என்றால் மெதுவாக, பக்கத்து ஆளுக்குக் கேட்காமல் சொன்னான் என்றுதான் அர்த்தம். தாழொலிப்பான் என்று ஒரு பெட்டியில் எழுதி ஒட்டினால், சத்தம் குறைவாக வரும் பெட்டி போலிருக்கிறது என்றுதான் என் அக்கா நினைப்பார். வீட்டிலேயே சுவரை அதிர வைக்கிற சாமான் அது.

மெலிவு என்று எழுதிய ஐயாவுக்குப் பணிவோடு ஒன்று. மேல், நடு, கீழ் என்ற மூன்று சுருதி மட்டங்களை வலிவு, சமன், மெலிவு என்று மூன்று தானங்களாகச் சொல்வது தமிழிசையின் பழைய வழக்கம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, கீழ் மட்டமான மந்தரத் தானத்துக்கு நம்முடைய பெயர் மெலிவுதான். இசை படித்தவர்களுக்கு அது சரியாகப் போய்ச் சேரும். ஆனால் கடையில் நிற்கிற பையனுக்கு மெலிவு என்றால் இளைத்தது, பலம் குறைந்தது. மந்தமும் அப்படித்தான், வயிற்று மந்தம்தான் முதலில் நினைவுக்கு வரும். 200 வாட் செட் ஒன்றில் 130 வாட்டை இந்த ஒரு பெட்டியே எடுத்துக்கொள்கிறது, அதற்குப் போய் மெலிவு என்ற பெயர் பொருந்துமா என்று யோசித்துப் பாருங்கள். குற்றொலி இன்னும் சிக்கல், பள்ளி அறிவியல் பாடத்தில் 20 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே காதுக்கே கேட்காததற்கு அந்தப் பெயர் கொடுத்தாகிவிட்டது. இந்தப் பெட்டி வேலை செய்வது அதற்கு மேலே, 30, 40 ஹெர்ட்ஸிலிருந்து 100, 150 வரை.

அப்படியானால் தமிழன் இந்த ஒலியை எப்படித்தான் சொல்கிறான்? உயரம் தாழ்வு என்று இல்லை, எடையாகச் சொல்கிறான். கனத்த குரல், கட்டைக் குரல், கார்வையான குரல். கட்டை நல்ல சொல்தான், ஆனால் பாட்டுக்காரர்களுக்குக் கட்டை என்பது சுருதியின் அளவு, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார் என்றால் மேலே ஏறிப் பாடுகிறார் என்று பொருள், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். கனம் எல்லாவற்றுக்கும் பொது. மிஞ்சுவது கார்வை.

கார்வை என் காதில் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. ஆற்காட்டுப் பக்கம் எங்கள் ஊரில் கூத்துக்கு மிருதங்கம் வாசித்த ஒரு பெரியவர், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் இடது பக்கத் தோலான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, தட்டிப் பார்த்து, “கார்வை பத்தலடா, இன்னும் கொஞ்சம் கொடு” என்பார். ரவை ஏற ஏற தோலின் எடை கூடும், எடை கூடினால் அதிர்வு மெதுவாகும், ஒலி இறங்கும். பெட்டிக்குள் ஆடி ஒலி எழுப்புகிற பெரிய கூம்பும் அதே கதைதான். இரண்டரை அங்குலக் கூம்பு அதிவேகமாக ஆடும், ஆனால் 50 ஹெர்ட்ஸுக்கு வேண்டிய அளவு காற்றைத் தள்ள அதற்குப் பரப்பு போதாது. அதனால்தான் அந்த வேலையைப் பெரிய, கனமான கூம்பிடம் தனியாகக் கொடுக்கிறார்கள். பெரியவர் தொப்பிக்குச் சொன்ன சொல் இந்தப் பெட்டிக்கு இத்தனை இயல்பாகப் பொருந்துவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

தாளத்தில் கார்வை என்றால் இரண்டு சொற்கட்டுகளுக்கு நடுவில் விடும் இடைவெளி, குழப்பம் வராதா என்று ஒரு நண்பர் கேட்கலாம். இடம் பார்த்துப் பொருள் பிரிப்பது நமக்குப் புதிதில்லை. ‘கார்வையான குரல்’ என்று எழுதுகிறபோது யாரும் இடைவெளி விட்டுப் பேசும் குரல் என்று எடுத்துக்கொள்வதில்லையே.

கடைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் இங்கே வைக்கிறேன். நாங்கள் ஏறிய கடைகளில் ஊஃபர், சப், பேஸ் பாக்ஸ் மூன்றும் கேட்டது. பழுது பார்க்கும் ஒரு அண்ணன் “அந்தப் பெரிய பெட்டி” என்றார். பேஸ் பாக்ஸ் என்பதுதான் திருவிழாவுக்கு சவுண்ட் சர்வீஸ் வைக்கிறவர்களும் சொல்வது, வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனால் இந்தச் சொல் காதில் விழும். பாக்ஸைப் பெட்டி ஆக்கி, கனத்த ஒலியைச் சொல்கிற பேஸைக் கார்வை ஆக்கினால் கார்வைப் பெட்டி. ஊரில் ஏற்கெனவே இருக்கிற சொல்லின் வடிவம் மாறவில்லை, அதனால் வாயில் ஒட்டும் என்று நம்புகிறேன். பேஸை ‘அடித்தளம்’ என்று பெயர்த்த செட்டிங்ஸ் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். அது உச்சரிப்பு ஒத்துப்போகும் வேறொரு ஆங்கிலச் சொல், வீடு கட்டப் போடுகிற பேஸ்மட்டம். அந்தப் பிழை இன்னும் பரவுவதற்கு முன் நாம் ஒரு சொல்லைக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு சொல் நல்லதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி, அதை வைத்து எழுதிப் பார்ப்பதுதான். நின்றுபோன கட்டுரையின் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்:

“விளையாட்டுக்கு வாங்கும்போது கார்வைத் திருகு தனியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதுவும் பெட்டியின் முதுகில் இருக்காமல் மேசைமேல் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் நல்லது. குண்டு வெடிப்பதும் வண்டி உறுமுவதும் கார்வைப் பெட்டியிலிருந்து வரும். எதிரியின் காலடிச் சத்தமும் துப்பாக்கியில் தோட்டா மாற்றும் கிளிக் ஒலியும் சின்னப் பெட்டிகளிலிருந்து வரும். கார்வை மிகுந்தால் அது மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மூடிவிடும், காலடி கேட்காது, ஆட்டம் போய்விடும். கார்வைப் பெட்டியை மேசைமேல் வைக்காதீர்கள், மேசையே சேர்ந்து அதிரும், தரையில் வையுங்கள். அறை மூலையில் தள்ளினால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கார்வையைக் கூட்டிக் காட்டும், சின்ன செட்டுக்கு அது உதவி, பெரிய செட்டுக்குத் தொல்லை. எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால், பெட்டியை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டு, அறை முழுக்கத் தரையோரம் காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் கார்வை சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். மாடியில் குடியிருந்தால் இரவில் திருகைக் குறைத்துவிடுங்கள், கார்வை தரை வழியே கீழ் வீட்டுக்கு இறங்கும்.”

இதில் கார்வை வருகிற இடத்தில் எல்லாம் தாழொலி என்று போட்டுப் படித்துப் பாருங்கள். ‘தாழொலி மிகுந்தால்’ என்று எழுதவே கை வரவில்லை. கார்வை கூடும், குறையும், இறங்கும், பெட்டியோடும் திருகோடும் கூம்போடும் ஒட்டும்.

பெட்டி ஏன் ஒன்றே ஒன்று என்று ஒரு தங்கை கேட்டிருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது என்று வையுங்கள். 80 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலையின் நீளம் நாலு மீட்டருக்கு மேல். நம் இரண்டு காதுக்கும் நடுவே ஒரு சாண் கூட முழுசாக இல்லை. இவ்வளவு நீளமான அலை இரண்டு காதிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வந்து சேரும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூளையால் பிரிக்க முடியாது. அதனால் ஒரு பெட்டி போதும், காலடியில் இருந்தாலும் சரி. ஆனால் விலை குறைந்த செட்டுகளில் சின்னப் பெட்டிகள் மிகவும் சின்னதாக இருப்பதால் 150, 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் கார்வைப் பெட்டியே ஏற்க வேண்டி வரும். ஆண் குரலின் அடிப்பாகம் அங்கே விழுகிறது, ஆள் மேசைக்கு அடியிலிருந்து பேசுவது போல் கேட்கும். அப்படிப்பட்ட செட்டை மூலையில் வைக்காமல் திரைக்கு நேர் கீழே வைப்பதுதான் வழி.

இன்னொன்று, வாட் கணக்கு. வீட்டில் முன்பு இருந்த செட்டின் அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. என்று, அதாவது ஒரு கணம் மட்டும் எட்டுகிற உச்ச வாட் எண்ணைப் போட்டிருந்தது. திருகைப் பாதி தாண்டினாலே கரகரவென்றது, கார்வைக்குப் பதில் டப்பாவைத் தட்டுகிற சத்தம். அந்த எண்ணை நம்பியதால் இரண்டு வருடம் அதோடு ஓட்டினோம், அக்கா சேர்த்து வைத்த காசு அது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். எண். இதற்கு ‘தொடர்திறன்’ என்று எழுதலாமா? கணிதத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கட்டும், வாங்குகிறவருக்கு வேண்டியது, நின்று நிலைத்து எத்தனை வாட் தரும் என்ற செய்திதான்.

ஊஃபரையும் சப் ஊஃபரையும் பிரிக்க வேண்டாமா என்ற கேள்விக்கு: பெரிய ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கிற ஊஃபர் ஓர் உறுப்பு, அதைக் கார்வைக் கூம்பு என்போம். தனியாக நிற்பது கார்வைப் பெட்டி. மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலியைத் தருகிற சின்னக் கூம்பான ட்வீட்டருக்குக் கீச்சான் என்று ஒருவர் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்திலும் அது பறவை கீச்சிடுவதிலிருந்து வந்த பெயர்தான், ஊஃபர் நாய் குரைப்பதிலிருந்து வந்தது. அதே முறையில் உறுமி என்று வைக்கலாம் என எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் உறுமி ஏற்கெனவே ஒரு தோல் கருவியின் பெயர், வாசிக்கிறவர்களிடமிருந்து அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

செட்டில் வருகிற சின்ன ஸ்பீக்கர்களைச் சொல்லும் சாட்டிலைட்டுக்குச் செயற்கைக்கோள் வேண்டவே வேண்டாம், பக்கப்பெட்டி என்றால் போதும். டூ பாயிண்ட் ஒன் என்பதையும் இரண்டு புள்ளி ஒன்று என்று எழுதினால் தசம எண் போல் ஆகிவிடுகிறது. எழுத்தில் 2.1 இருக்கட்டும், விளக்கும்போது ‘இரண்டு பக்கப்பெட்டி, ஒரு கார்வைப் பெட்டி’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் 5.1க்கும் அதே வழியில் போகலாம்.

கிராஸ்ஓவருக்குத்தான் எனக்கு இன்னும் திருப்தியான சொல் கிடைக்கவில்லை. ஒரே ஒலியை வாங்கி, கனத்ததை ஒரு பக்கமும் மற்றதை இன்னொரு பக்கமும் அனுப்புகிற வேலை. பிரிப்பான் என்று எழுதி வைத்திருக்கிறேன், வெறுமையாக இருக்கிறது. ஏரித் தண்ணீரை வாய்க்காலுக்கு வாய்க்கால் திருப்பி விடுகிறவர்கள் அந்த இடத்துக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள், மதகும் மடையும் எனக்குத் தெரியும், ஒன்று இரண்டாகப் பிரிகிற அந்த இடத்துக்கான சொல்தான் வேண்டும்.

அன்புடன்,
வேலூரிலிருந்து