மூன்று தடவை பார்த்தேன், மூன்று பக்கம் நின்றேன்: என் முதல் ஐந்து படங்கள்

கடந்த முப்பது வருடங்களில் வந்த படங்களில் உங்கள் முதல் ஐந்து எவை, அவை உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரே ஒரு விதிதான். ஒரு தடவை மட்டும் பார்த்த படத்துக்கு என் வரிசையில் இடமில்லை. முதல் தடவை கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். கதை தெரிந்த பிறகும் எது நம்மை உட்கார வைக்கிறதோ, அதற்குத்தான் நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

முதலிடம் ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011). மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குத் திருமணம் ஆகவில்லை. மகளின் எதிர்காலத்துக்காக வெளிநாடு போக வேண்டும், அதற்காக விவாகரத்துக்கூட வேண்டும் என்று நிற்கும் சிமின் பக்கம் முழுசாக நின்றேன். மறதி நோய் வந்த அப்பாவை விட்டு வரமாட்டேன் என்ற நாதரின் பேச்சு வெறும் பிடிவாதமாகப் பட்டது. நீ அவருடைய மகன் என்றே அவருக்குத் தெரியாதே என்கிறாள் அவள். அவர் என் அப்பா என்று எனக்குத் தெரியுமே என்கிறான் அவன். நல்ல வசனம் என்று நினைத்ததோடு சரி.

சில வருடங்களில் என் அப்பாவுக்கும் அதே நோய். என் பெயர் அவருக்கு மறந்துபோன மாதத்தில், ஒரு ராத்திரி தூக்கம் வராமல் இந்தப் படத்தைத் திரும்பப் போட்டேன். குளியலறையில் அப்பாவின் உடம்பைத் தேய்த்துவிடும் நாதர், அப்படியே அவர்மேல் சாய்ந்து அழுவான். முதல் தடவை அந்தக் காட்சியைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போய் அப்பாவின் கட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். மீதிப் படத்தை மறுநாள்தான் பார்க்க முடிந்தது.

மூன்றாவது தடவை, அப்பாவைக் கவனித்துக்கொள்ள ஓர் அம்மா வரத் தொடங்கிய பிறகு. இந்தத் தடவை, படத்தில் நாதரின் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் ராஸியேவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. வயிற்றில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, கடன்கார வீடு. பெரியவர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டார், நான் மாற்றிவிட்டால் பாவமா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் அவரைத் தொடுகிறாள். நாதர் தள்ளிவிட்டதால்தான் கரு கலைந்தது என்று வழக்கு வருகிறது. கடைசியில் நஷ்டஈட்டுப் பணம் கைக்கு எட்டும் நேரத்தில் குர்ஆன்மேல் சத்தியம் செய்ய மனம் வராமல் அவள் உடைந்து போகிறாள். அன்று காலை அரை மணி நேரம் தாமதமாக வந்ததற்காக அந்த அம்மாவிடம் நான் பேசிய பேச்சு என் காதில் கேட்டது. மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

படத்தின் தொடக்கத்தில் கணவனும் மனைவியும் நம்மைப் பார்த்தே வாதாடுவார்கள். நீதிபதியின் முகத்தைக் காட்ட மாட்டார்கள். அந்த நாற்காலியில் நாம் இருக்கிறோம். முடிவில், அப்பாவா அம்மாவா என்று மகள் தெர்மேவிடம் கேட்கிறார்கள். பெற்றவர்கள் வெளியே நடைக்கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் காத்திருக்க, பதில் வராமலேயே பெயர்கள் ஓடத் தொடங்கிவிடும். தெர்மே யாரைச் சொல்லியிருப்பாள்? மூன்று தடவையும் எனக்கு வேறு வேறு பதில்தான் தோன்றியது.

இரண்டாவது, எட்வர்ட் யாங்கின் 'யீ யீ' (2000). மூன்று மணி நேரத்துக்கு ஏழு நிமிடம் குறைவு. கல்யாணத்தில் தொடங்கிச் சாவு வீட்டில் முடியும். நினைவில்லாமல் கிடக்கும் பாட்டியிடம் வீட்டார் ஒவ்வொருவரும் பேச வேண்டும். பேச உட்கார்ந்த பாட்டியின் மகள், தினமும் ஒரே விஷயத்தைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அழுதுவிடுவாள். அந்த வீட்டுச் சின்னப் பையன் எல்லோருடைய பின்மண்டையையும் படம் எடுத்து வைத்திருப்பான், அவர்களால் அதைப் பார்க்க முடியாது என்பதற்காக.

மூன்றாவது, வோங் கர்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000). நாயகனின் மனைவியும் நாயகியின் கணவனும் சேர்ந்து துரோகம் செய்வார்கள். அந்த இருவரின் முகத்தைப் படம் முழுக்க நமக்குக் காட்டவே மாட்டார். 2022-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் இதற்கு ஐந்தாம் இடம். நான் இன்னும் இரண்டு படி மேலே வைக்கிறேன்.

நான்கு, ஜப்பானிய அனிமேஷன் படமான 'ஸ்பிரிட்டட் அவே' (2001). ஐந்து, 'பாரசைட்' (2019). மேலே பணக்காரப் பையன் தோட்டத்துக் கூடாரத்தில் விளையாட, அதே மழையில் கீழே ஒரு வீடு மூழ்குமே, அந்த ஒரு ராத்திரிக்காக.

* * *

அக்கா, 'ஸ்பிரிட்டட் அவே' நான்காவதா? என் மகளுக்கு ஆறு வயதில் போட்டுக் காட்டினேன். தண்ணீர்மேல் ரயில் போகும் இடத்தில் பேச்சே கிடையாது, சண்டை கிடையாது. எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். கண் கொட்டாமல் பார்த்தாள். நடுவில் ஒரு நிறுத்தத்தில் நிழல் மாதிரி ஒரு சின்னப் பெண் தனியாக நிற்பாள். "அவ யாருக்காகப்பா நிக்கிறா?" என்று கேட்டாள். நானும் அதற்கு முன் நாலைந்து தடவை பார்த்தவன்தான். அந்தப் பெண் என் கண்ணில் பட்டதே இல்லை. உங்கள் விதிப்படி பார்த்தால் என் பல தடவைகளைவிட அவளுடைய ஒரு தடவைதான் பெரியது. எனக்கு இதுதான் முதலிடம்.

* * *

வணக்கம் அம்மா. மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) எங்கே? முப்பது வருடக் கணக்குக்குள் அதுவும் வருகிறது. நான் ஆசிரியர். ஆறாம் வகுப்புக்கு இதைப் போட்டுக் காட்டினேன். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்டு, இருக்கிற ஒரே ஜோடியை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் கதை. ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசில்தான் ஷூ உண்டு. அலி முதலில் வந்ததும் வகுப்பே கை தட்டியது. அவன் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொரு கையாக நின்றது. "அவனுக்கு மூணாவதுதானே சார் வேணும்" என்றாள் ஒரு சிறுமி.

கொப்புளம் வந்த கால்களைத் தொட்டித் தண்ணீரில் விட்டு அவன் உட்கார்ந்திருக்க, மீன்கள் வந்து மொய்ப்பதோடு படம் முடிகிறது. எல்லோரும் வாடிப்போய் இருந்தார்கள். கடைசி வரிசையில் அதிகம் பேசாத ஒரு பையன் மட்டும், "சார், அவங்க அப்பா சைக்கிள்ல புது ஷூ இருந்துச்சே" என்றான். நான் அதைப் பார்த்திருக்கவில்லை. பின்னால் ஓட்டிக் காட்டினேன். இரண்டு ஜோடி. வகுப்பு எழுந்து நின்று கத்தியது.

* * *

சார், நேற்று ராத்திரி அதை இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். சைக்கிளில் இருந்த ஷூவை நானும் முன்பு கவனித்ததில்லை. வோங் கர்-வாய் நான்காம் இடத்துக்குப் போகட்டும், மற்றதெல்லாம் ஒரு படி இறங்கட்டும். அலிக்கு மூன்றாம் இடம் கொடுத்துவிட்டேன்.