அப்பாவுக்கு அனுப்பும் பணம் குறைவாகப் போய்ச் சேருகிறது, உதவுங்கள்

நெடுவழி: மாதாமாதம் அப்பாவுக்கு ஒரே தொகைதான் அனுப்புகிறேன். ஆனால் குறைந்து போய்ச் சேருகிறது, அதுவும் ஒரு மாதம் போல இன்னொரு மாதம் இல்லை. வங்கியில் கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறார்கள். அப்பாவால் அலைய முடியாது. அவசரம்.

கணக்குச்சிட்டை: எந்த நாணயம்? வங்கி வழியா, செயலி வழியா? படிவத்தில் கட்டணம் யார் தலையில் என்று போட்டீர்கள்? இதையெல்லாம் சொல்லாமல் அவசரம் என்றால் எப்படி?

தேனடை: மாற்று விகிதம்தான், வேறென்ன! 'கட்டணமே இல்லை' என்பவர்கள் விகிதத்தில்தான் கை வைப்பார்கள்.

நெடுவழி: வங்கி வழி, டாலர். அப்பாவுடையதும் டாலர் கணக்கு. கட்டணம் 'எஸ்எச்ஏ' (SHA, இரு பக்கமும் பகிர்வது) என்று இருக்கிறது.

தேனடை: இருந்தாலும் விகிதத்தைப் பாருங்கள்.

பழையகாசாளர்: எத்தனை தடவை எழுதுவது? தேடிப் பார்க்கத்தான் ஆளில்லை. வங்கிகள் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்டில் போவது தகவல் மட்டும், பணம் இல்லை. இரண்டு வங்கிக்கும் இடையே நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் வேறு வங்கிகள் வரும். எஸ்எச்ஏ என்றால் அவை தங்கள் கூலியை அந்தப் பணத்திலேயே கழித்துக்கொள்ளும். வழி மாறினால் கழிவும் மாறும். 'ஓயுஆர்' (OUR) போட்டால் செலவு முழுக்க அனுப்புகிற உங்களுடையது. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் தனியாக உள்ள யுஇடிஆர் (UETR) என்ற 36 எழுத்து எண்ணை வங்கியில் கொடுத்து, தடம் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி.

நெடுவழி: தம்பி இல்லை, தங்கை. கேட்கிறேன்.

மாலைக்காற்று: கூடப் பிறந்தவர் யாராவது அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறாரா? எங்கள் வீட்டில் அப்படித்தான் போனது.

வீட்டோடிருப்பவன்: வந்துவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன் திருடன், மாதம் ஒரு பட்டனைத் தட்டுகிறவர் புண்ணியவானா?

மாலைக்காற்று: கணக்கைத்தான் கேட்டேன். உங்களுக்கு ஏன் சுடுகிறது?

வீட்டோடிருப்பவன்: மருந்துச் சீட்டை எடுத்து வைக்காவிட்டால் கணக்குக் கேட்பீர்கள். படம் பிடித்து அனுப்பினால் திறந்துகூடப் பார்க்க மாட்டீர்கள்.

கணக்குச்சிட்டை: இதற்குத் தனி இழை போடுங்களப்பா.

பழையகாசாளர்: ஓயுஆர் போட்டாலும் சேருகிற வங்கி தன் பங்குக்குக் கொஞ்சம் பிடிக்கலாம். அப்புறம் வந்து என்னைத் திட்டக்கூடாது.

நெடுவழி: தடம் பார்த்துவிட்டார்கள். நடுவில் இரண்டு வங்கி கழித்திருக்கிறது. இந்த மாதம் ஓயுஆர் போட்டேன், முழுசாகச் சேர்ந்தது. நன்றி.

கணக்குச்சிட்டை: ஓயுஆருக்கு உங்களிடம் எவ்வளவு பிடித்தார்கள்? சின்னத் தொகைக்கு அது கட்டுப்படியாகாது, இரண்டு மாதத்தைச் சேர்த்து அனுப்புவதே மேல். சொல்லிவிட்டுப் போங்கள்.

தேனடை: போய்விட்டார் போல.