மறு: டிரைபாட் பிராக்கெட் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

இழை நீண்டுவிட்டது, சொற்களும் குவிந்துவிட்டன: பிடிமானம், தாங்கி, பொருத்தி, பற்றி, இருக்கை, சேணம். எல்லாம் நல்ல சொற்கள்தான், ஆனால் ஆளுக்கு ஒரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம் என்று தோன்றுகிறது. முதல் மடலில் கேட்கப்பட்டது கேமராவின் அடியில் திருகும் சின்னத் தகடு. 'முக்காலிப் பிடிமானம்' என்று பதில் எழுதியவர் நினைத்தது முக்காலியின் தலையில் அந்தத் தகட்டைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்பை. அடுத்தவர் இணைத்திருந்த படமோ எல் வடிவப் பட்டை. மூன்றையும் ஆங்கிலத்தில் பொதுவாகப் பிராக்கெட் என்று சொல்லிவிடுகிறார்கள், விற்பனைத் தளங்களிலும் அப்படித்தான் கலந்து கிடக்கிறது. அதே குழப்பத்தை நாமும் தமிழில் ஏன் கொண்டுவர வேண்டும்?

நாம் எழுதுவது பழைய நூல்களையும் கல்வெட்டுகளையும் படமெடுக்கப் போகிறவர்களுக்கான கையேடு. அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் சரியான பொருளை வாங்கிவர வேண்டும். அதனால் ஒரு சொல் போதாது, குறைந்தது நான்கு வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கூடவே வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும். பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் சொல் பொருந்துகிறதா என்று பார்க்க முடியும்.

> சுமைதாங்கி, இடிதாங்கி எல்லாம் இருக்கும்போது 'கேமராதாங்கி' என்பதில் என்ன குறை?

குறை என்னவென்றால், கேமராவைத் தாங்குவது முக்காலி. 'கேமராதாங்கி' என்று புதிதாகப் படிப்பவர் மூன்று கால் உள்ள பொருளைத்தான் நினைப்பார். இரண்டாவது, பால் பேரிங்கை ஏற்கெனவே பந்துத் தாங்கி என்கிறோம். முக்காலித் தலைகளில் பல உள்ளே ஒரு உருண்டை சுழலும் வகை. பந்தும் தாங்கியும் அதே பக்கத்தில் வேறு பொருளில் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். 'பற்றி' எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் பற்றியைப் பற்றி ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால் தெரியும்.

சரி, முதலில் திருகாணி. இதற்குப் புதுச்சொல் தேவையில்லை, ஆனால் கையேட்டில் தனியாக ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். கேமராவின் அடியில் இருக்கும் மரை (திருகாணி ஏறும் துளை) கால் அங்குல விட்டம், ஒரு அங்குலத்துக்கு 20 புரி (திருகின் சுற்று). உலகத்தில் எந்த நிறுவனத்தின் கேமராவை எடுத்தாலும் ஏறக்குறைய இதேதான், ஐஎஸ்ஓ 1222 என்ற தரநிலையில் இருக்கிறது. பெரிய முக்காலிகளின் உச்சியில் தலையைப் பொருத்த 3/8 அங்குலம், 16 புரி. நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது மெட்ரிக் அளவு எம்6 போல்ட். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், எம்6 என்பது 6 மில்லிமீட்டர், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் எம்6-இல் புரிக்குப் புரி 1 மில்லிமீட்டர் இடைவெளி, கேமரா மரையில் 1.27. உள்ளே போகிற மாதிரி போகும், ஒன்றும் பிடிக்காது, இறுக்கிப் பார்க்கலாம் என்று பலமாகத் திருகினால் கேமராவின் மரை தேய்ந்துவிடும். தகட்டோடு வந்த திருகாணி தொலைந்துபோனால் 'கால் அங்குலம், 20 புரி' என்று சொல்லித்தான் கேட்டு வாங்க வேண்டும். நீளமும் முக்கியம். தேவைக்கு மேல் நீளமான ஆணியை முழுக்க இறுக்கினால் கேமராவின் உட்புறத்தில் போய் முட்டும்.

அடுத்து, கேமராவின் அடியில் நிரந்தரமாக மாட்டி வைக்கும் தகடு. கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவர்கள் 'பிளேட்டு' என்பார்கள் ("ஸ்டாண்டு பிளேட்டைக் காணோம்" என்ற கூக்குரலை முகூர்த்த நேரத்தில் கேட்காதவர் உண்டா?). என் பரிந்துரை அடித்தகடு. சிலர் 'விரைவிடுவிப்புத் தகடு' என்று எழுதியிருந்தார்கள். விரைவாக விடுபடுவது தகட்டின் வேலை அல்ல, அதைப் பிடித்திருக்கும் பாகத்தின் வேலை. அதுவும் போக, அவ்வளவு நீளச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விடும்.

அடித்தகட்டில் பார்க்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: கேமரா அதன்மேல் சுழலக்கூடாது. ஒரே திருகாணியில் நிற்கும் எந்தப் பொருளும் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். புத்தகத்தைக் கீழே விரித்து வைத்துக் கேமராவைக் கீழ்நோக்கித் தரையைப் பார்க்க வைக்கும்போது இது நன்றாகத் தெரியும். வில்லையின் (லென்ஸ்) எடை இழுக்க இழுக்க, முதல் பக்கம் நேராக இருக்கும், ஐம்பதாவது பக்கம் சாய்ந்திருக்கும். கல்வெட்டிலும் அப்படித்தான். எழுத்து எழும்பித் தெரிய விளக்கை ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை மேலே என்று சாய்வாகப் பிடித்து அதே சட்டகத்தில் பல படம் எடுக்கிறோம், பிறகு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறோம். நடுவில் கேமரா நூலளவு திரும்பினாலும் அந்த வேலை வீண். ஆகவே ஓரத்தில் சின்ன உதடு மாதிரி எழும்பி, கேமராவின் பின்பக்கத்தை அணைத்துக்கொள்ளும் தகடாகப் பார்த்து வாங்கச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட கேமரா மாடலுக்கென்றே கடைந்த தகடுகளில் இது இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான தட்டைத் தகடுகளில் ரப்பர் ஒட்டியிருப்பார்கள். சூட்டில் வைத்தால் அந்த ரப்பர் இளகி வழுக்கும், சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது உதவாது. உதட்டுக்கு 'உதடு' என்றே வைத்துக்கொள்ளலாம், குடத்துக்கு உதடு இருக்கிறதே.

மூன்றாவது, முக்காலித் தலையில் இருந்துகொண்டு அடித்தகட்டைப் பிடிப்பது. இதற்கு கவ்வி. இரண்டு தாடை, நடுவில் தகடு, தாடை நெருங்கினால் பிடி. கவ்வுதல் என்ற வினையைத் தவிர வேறு எதுவும் இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. கிளாம்பு என்றே விட்டுவிடலாம் என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை, கடையில் அப்படித்தான் கேட்கப்போகிறோம்.

கவ்வியும் அடித்தகடும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதைத்தான் புதிதாக வாங்குபவர்கள் தவறவிடுகிறார்கள். இப்போது அதிகம் புழங்குவது ஆர்கா-சுவிஸ் வகை. தகட்டின் இரு விளிம்பும் 45 பாகை சாய்ந்திருக்கும், அகலம் சுமார் 38 மில்லிமீட்டர். இந்தச் சாய்வை சாய்விளிம்பு என்று எழுதலாம். ஆங்கிலத்தில் இதை டவ்டெய்ல் என்பதால் புறாவால் என்று மொழிபெயர்த்திருந்தார் ஒரு நண்பர், படிப்பவர் புறாவைத் தேடுவார் என்று பயமாக இருக்கிறது. நிறுவனப் பெயரை அப்படியே விட்டுவிட வேண்டும், அதைத் தமிழாக்க முயல வேண்டாம். இது முறையாக எழுதி வைத்த தரநிலை கிடையாது, ஒரு நிறுவனம் செய்ததைப் பார்த்து மற்றவர்கள் செய்தது. அதனால் ஆளுக்கு ஆள் அகலம் கொஞ்சம் முன்பின் இருக்கும். குமிழைத் திருகி இறுக்கும் கவ்வி என்றால் எந்தத் தகட்டையும் சமாளித்துப் பிடித்துவிடும். நெம்புகோலைத் தட்டினால் பிடிக்கிற கவ்வி வேகமானது, ஆனால் அகலம் கொஞ்சம் மாறினாலும் ஒன்று மூடாது, இல்லையென்றால் மூடிய பிறகும் தகடு ஆடும். வேறு வேறு நிறுவனத் தகடுகள் கலந்து கிடக்கும் தன்னார்வலர் குழுவுக்கு நான் குமிழ்க் கவ்வியைத்தான் சொல்வேன். மான்ஃப்ரோட்டோ நிறுவனத்தின் ஆர்சி2 போன்ற தகடுகள் முற்றிலும் வேறு வடிவம், அவற்றை ஆர்கா கவ்வியில் வைக்கவே முடியாது. கடன் வாங்கிய முக்காலியோடு வெளியூர் போகும் முன் இதை ஒருமுறை வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிடச் சொல்ல வேண்டும்.

தகட்டின் இரு முனையிலும் அடியில் சின்னத் திருகு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கவ்வி தளர்ந்தாலும் தகடு வழுக்கிக் கீழே விழாமல் அது தடுக்கும். தடையாணி. விலை குறைந்த தகடுகளில் இது இருக்காது. இருந்தாலும், சில கவ்விகளில் இடிக்கிறது என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கவ்வியை மாற்றுங்கள், ஆணியைக் கழற்றாதீர்கள்.

இனி இழையில் அதிகம் அடிபட்ட எல் வடிவப் பட்டைக்கு வருகிறேன்.

தூண் கல்வெட்டையோ நடுகல்லையோ எடுக்கும்போது கேமராவை நெட்டுவாக்கில் திருப்ப வேண்டியிருக்கும். அடித்தகடு மட்டும் இருந்தால் முக்காலித் தலையையே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அப்படிச் செய்தால் கேமராவின் எடை முழுக்க முக்காலியின் நடுத்தண்டிலிருந்து ஒரு பக்கமாகத் தொங்கும். தலை மெல்லத் தாழும், மெலிந்த முக்காலியாக இருந்தால் சாய்ந்தே விடும். வில்லையும் இடம் மாறிவிடுவதால் சட்டகத்தை முதலிலிருந்து அமைக்க வேண்டும். எல் பட்டையில் அடியிலும் சாய்விளிம்பு, இடப்பக்கத்திலும் சாய்விளிம்பு. கவ்வியைத் திறந்து, கேமராவை எடுத்துத் திருப்பி, பக்க விளிம்பில் வைத்து மூடினால் வேலை முடிந்தது. தலை சாயவில்லை, எடை நடுவிலேயே நிற்கிறது, வில்லையும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கிறது.

> 'மூலைத்தகடு' எளிமையாக இருக்கிறதே, ஏன் வேறு தேட வேண்டும்?

நல்ல சொல், ஆனால் மரப்பெட்டி மூலையில் அடிக்கும் தகட்டை நினைவூட்டுகிறது. எனக்குத் தோன்றுவது டகரத்தகடு. வகுப்பில் பெஞ்சுகளைப் 'ப' வடிவில் போட்டோம் என்று இயல்பாகச் சொல்கிறோம், 'யு' வடிவம் என்று யாரும் தேடிப் போவதில்லை. அதுபோல எல் வடிவத்துக்கு நம்மிடம் அச்சு அசலாக ஒரு எழுத்து இருக்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் பார்வையில் இந்தப் பட்டையின் நிமிர்ந்த பகுதி இடக்கைப் பக்கம், கிடந்த பகுதி அதிலிருந்து வலப்பக்கம் போகும். வலக்கை கேமராவைப் பிடிக்க வேண்டும் என்பதால் அப்படித்தான் செய்கிறார்கள். எழுதிப் பாருங்கள், ட.

> டகரம் மொழிமுதலில் வராதே ஐயா!

எதிர்பார்த்தேன். சொல்லின் முதலில் வராத எழுத்துகளும் தம் பெயரைக் குறிக்கும்போது முதலில் வரலாம் என்று தொல்காப்பியமே இடம் தருகிறது, மொழிமரபில் 'முதலா ஏன தம்பெயர் முதலும்' என்ற நூற்பா. 'டகரம்' என்று இலக்கண நூல்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம். நீங்களே இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

டகரத்தகடு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். நிமிர்ந்த கை கேமராவின் இடப்பக்கத்தை மறைக்கிறது. யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, மைக் துளைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. மடித்துத் திருப்பும் திரை உள்ள கேமராவில் கீலும் அதே பக்கம். புத்தகம் எடுப்பவர்கள் கேமராவைக் கணினியோடு கம்பியில் இணைத்துத்தான் வேலை செய்வார்கள், அந்தக் கம்பி நுழைய வழி இருக்க வேண்டும். சிலவற்றில் நிமிர்ந்த கையைக் கொஞ்சம் வெளியே இழுத்து நிறுத்தலாம், அது வசதி. அடியில் பேட்டரி மூடி முழுதாகத் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆலன் சாவியைத் தேடித் தகட்டைக் கழற்றுவது நடக்கிற காரியம் இல்லை. மாடலுக்கென்றே செய்தவை இதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்கும், கேமராவை மாற்றினால் தகடும் வீண் என்பதுதான் அதன் விலை. பொதுவான டகரத்தகடுகள் மலிவு, ஆனால் மேலே சொன்ன சுழலும் தொல்லை அவற்றில் அதிகம், ஏனென்றால் அணைத்துக்கொள்ள உதடு சரியாக அமையாது. புத்தகம் மட்டும் எடுப்பவருக்கு டகரத்தகடே தேவையில்லை, அடித்தகடு போதும் என்பதையும் கையேட்டில் தெளிவாக எழுத வேண்டும். எல்லோரையும் செலவு செய்ய வைக்க நமக்கு யாரும் கமிஷன் தரவில்லை.

ஐந்தாவது சுருக்கமாக. 70-200 மில்லிமீட்டர் போன்ற கனமான வில்லைகளைச் சுற்றி ஒரு வளையம், அதற்குக் கீழே ஒரு கால், அந்தக் கால்தான் முக்காலியில் உட்காரும். வளையத்தைத் தளர்த்திக் கேமராவை நெட்டுவாக்கில் சுழற்றிக்கொள்ளலாம், அதனால் அந்த வில்லைக்கு டகரத்தகடு வேண்டாம். 'கழுத்துப்பட்டை' என்று எழுதியிருந்தார்கள், அது கேமராவைக் கழுத்தில் மாட்டும் வாரோடு குழம்பும். உலக்கைக்குப் பூண் போடுவோம் அல்லவா, அதுதான் இது: வில்லைப்பூண். கீழே இருப்பது பூண்கால். சிக்மா, டாம்ரான் வில்லைகள் சிலவற்றில் பூண்காலிலேயே சாய்விளிம்பு கடைந்து வருகிறது, தனியாக அடித்தகடு வாங்க வேண்டியதில்லை.

கையேட்டின் வரைவில் இந்தச் சொற்களைப் போட்டுவிட்டேன்: அடித்தகடு, கவ்வி, சாய்விளிம்பு, தடையாணி, டகரத்தகடு, வில்லைப்பூண். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் கடையில் கேட்க வேண்டிய பெயரைப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். பிராக்கெட்டுக்குப் பொதுச்சொல் ஒன்று வேண்டும் என்று இன்னும் யாராவது கேட்டால், எந்த வாக்கியத்தில் அது தேவைப்படுகிறது என்று எழுதிக் காட்டுங்கள், எனக்கு அப்படி ஒரு வாக்கியம் வரைவில் அகப்படவில்லை.

பால்ஹெட், அதாவது உள்ளே உருண்டை சுழலும் அந்த முக்காலித் தலை, பாக்கி இருக்கிறது. பந்துத்தலையா, உருண்டைத்தலையா? 'மொட்டைத்தலை' என்று எழுதிய நண்பரின் வாக்கு செல்லாது.